வெள்ளைத் திமிங்கலத்தைப் பார்க்க 133 அத்தியாயம்: ‘மோபி டிக்’ புதிதாகப் படிக்கிறவர்களுக்கு

ஹெர்மன் மெல்வில் எழுதிய ‘மோபி டிக்’ நாவலைக் கையில் எடுக்கிறவர்களில் பலர், கப்பல் கிளம்புவதற்கு முன்பே கரையேறிவிடுகிறார்கள். நானும் இரண்டு முறை அப்படி இறங்கியவன்தான். முதல் தடவை 9ஆவது அத்தியாயத்தில் வரும் நீளமான தேவாலயப் பிரசங்கத்தில் தூக்கம் வந்துவிட்டது. இரண்டாவது தடவை 32ஆவது அத்தியாயத்தில், திமிங்கல வகைகளின் பட்டியலைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி வைத்தேன். மூன்றாவது முறைதான் முழுதாகப் படித்தேன். அதற்குள் என் ஆங்கிலமும் பொறுமையும் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. இது என்ன மாதிரிக் கதை என்று நான் நினைத்திருந்தேனோ, அந்த நினைப்பை விட்டேன், அவ்வளவுதான்.

திமிங்கல வேட்டைக் கதை என்று நினைத்து எடுத்தால் ஏமாற்றம் நிச்சயம். கணக்கைப் பாருங்கள். மொத்தம் 135 அத்தியாயம், கடைசியில் ஒரு குட்டிப் பின்னுரை. கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படுவது 22ஆவதில். கேப்டன் முகத்தைக் காட்டுவது 28ஆவதில். எதற்காக இந்தப் பயணம் என்று அவர் வாயைத் திறப்பது 36ஆவதில். திமிங்கலம் கண்ணில் படுவது 133ஆவதில்! அதுவரை எல்லாம் கேள்விப்பட்டதுதான். எனக்குப் புரிந்த வரையில் இது ஒரு மனிதனையோ மிருகத்தையோ நேரில் பார்க்கும் முன்பே நாம் என்னவெல்லாம் முடிவு கட்டிவிடுகிறோம், பார்த்த பிறகு அந்த முடிவுகள் என்ன ஆகின்றன என்பதைப் பற்றிய நாவல். கடல் பயணம் அதற்குத் தோதான இடம். கப்பலில் ஏறிவிட்டால் பிடிக்காத முகத்தை விட்டு ஓட முடியாது.

கீழே இருப்பது நான் படித்த முறை. அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதில்லை.

பதிப்பு

சுருக்கப் பதிப்பு வேண்டாம். சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது கதை நகராத பக்கங்களை. இந்த நாவலின் உயிர் பாதி அங்கேதான் இருக்கிறது. 1851இல் வந்த புத்தகம், பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, ‘புராஜெக்ட் குட்டன்பர்க்’ இணையதளத்தில் முழுப் பிரதி இலவசமாகவே கிடைக்கிறது. முதல் முறை படிக்க அடிக்குறிப்பு குறைவாக உள்ள பிரதியே நல்லது. அடிக்குறிப்பைப் பார்க்கக் கீழே போன கண் மேலே திரும்பி வருவதற்குள் வாக்கியம் தொலைந்துவிடும். மெல்வில்லின் வாக்கியங்கள் அவ்வளவு நீளம்.

புத்தகத்தைத் திறந்ததும் ‘திமிங்கலம்’ என்ற சொல்லின் பிறப்பும், உலக நூல்களில் திமிங்கலம் வரும் இடங்களின் நீண்ட தொகுப்பும் இருக்கும். தாண்டிவிடுங்கள். கதை தொடங்குவது அதற்கு அப்புறம்தான்.

முன்பக்கத்தைத் தாண்டலாம், கடைசிப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. இந்த நாவல் முதலில் லண்டனில் 1851 அக்டோபரில் வேறு தலைப்போடு, ‘திமிங்கலம்’ என்ற பெயரில், மூன்று பாகங்களாக வந்தது. அதில் பின்னுரை விடுபட்டுப் போனது. அங்கே விமர்சனம் எழுதியவர்களில் சிலர், கதை சொல்கிறவன் எப்படிப் பிழைத்தான் என்பதே இல்லையே என்று கிண்டல் செய்தார்கள். அடுத்த மாதம் நியூயார்க்கில் வந்த பதிப்பில் பின்னுரை இருந்தது. ஒரு பக்கம் இல்லாததால் ஒரு நாவலுக்கு ஓர் ஊரில் கிடைத்த முதல் அபிப்பிராயமே கோணலாகிப் போனது.

வேகம்

ஒரு நாளைக்கு மூன்று அத்தியாயம் என்றால் 45 நாள். இது தாராளமான கணக்கு, ஏனென்றால் பல அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கம்தான். 122ஆவது அத்தியாயம் சில வரிகளோடு முடிந்துவிடும்: இடிமழையில் பாய்மர உச்சியில் இருக்கும் ஒருவன் இடி போதும், ரம் வேண்டும் என்கிறான், அவ்வளவுதான். வாய்விட்டுப் படித்தால் நன்றாக இருக்கும் நாவலும் கூட. அமெரிக்காவில் நியூ பெட்ஃபோர்டில் உள்ள திமிங்கல வேட்டை அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆள் மாற்றி ஆள் முழு நாவலையும் நிறுத்தாமல் வாசிக்கிறார்கள். சுமார் 25 மணி நேரம் ஆகிறது.

இடையில் எங்கே நிற்பது என்பதற்கு நாவலுக்குள்ளேயே ஒரு வாசகர் வழி காட்டுகிறார். குவீக்வெக் என்ற தீவுக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 10ஆவது அத்தியாயத்தில் அவர் ஒரு தடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கங்களை எண்ணுகிறார். 50 ஆனதும் நிறுத்தி, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, ஆச்சரியத்தில் சீட்டியடித்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறார். நானும் அப்படித்தான் படித்தேன். 50 பக்கம், ஒரு சீட்டி, அப்புறம் அடுத்த 50.

ஒரு நோட்டு

கையடக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், வலப்பக்கம் காலியாக இருக்கட்டும். ஒரு பாத்திரம் வந்த உடனேயே, அடுத்த பக்கத்தைப் புரட்டும் முன், அவரைப் பற்றி உங்களுக்குத் தோன்றுவதை மூன்றே வரியில் எழுதிவிடுங்கள். கதைச் சுருக்கம் எழுதாதீர்கள், தீர்ப்பை எழுதுங்கள். ‘இவன் கஞ்சன்’, ‘இவரை நம்பலாம்’ என்கிற மாதிரி. நூறு பக்கம் கழித்து வலப்பக்கத்தை நிரப்பப் போகிறீர்கள்.

முதல் பதிவு கதை சொல்கிறவனைப் பற்றி இருக்கட்டும். தன் பெயர் இஷ்மேல் என்று அவன் சொல்வதில்லை. அப்படிக் கூப்பிடுங்கள் என்கிறான். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. என் நோட்டின் முதல் வரி: ‘எதையோ மறைக்கிறான்.’

விடுதிப் படுக்கை: இங்கே அவசரப்படாதீர்கள்

முதல் 21 அத்தியாயங்களும் பெரும்பாலும் கரையில்தான் நடக்கின்றன. கடல் எப்போது வரும் என்று பறக்கிறவர்கள் 3ஆவது, 4ஆவது அத்தியாயங்களை ஓட்டிவிடுவார்கள். செய்யாதீர்கள். நாவல் படிக்கச் சொல்லிக் கொடுப்பதே அங்கேதான்.

நியூ பெட்ஃபோர்டில் குளிரான ஒரு சனிக்கிழமை இரவு. இஷ்மேலுக்கு விடுதியில் தனி அறை இல்லை. முன்பின் தெரியாத ஓர் ஈட்டிக்காரரோடு படுக்கையைப் பங்கு போட வேண்டும். முதலில் மறுத்துவிட்டு, பெஞ்சில் படுக்கிறேன் என்கிறான். விடுதிக்காரர் இழைப்புளியை எடுத்து வந்து பெஞ்சைச் சீவிக் கொடுக்கிறார். அப்படியும் பெஞ்சு ஓர் அடி குட்டை, அகலமும் போதவில்லை, ஜன்னல் வழியாகக் குளிர்காற்று. சரி, அந்த ஆள் எங்கே என்று கேட்டால், ‘தலை விற்கப் போயிருக்கிறார்’ என்று பதில் வருகிறது.

நடுராத்திரியில் அவர் வருகிறார். ஒரு கையில் மெழுகுவத்தி, மறு கையில் விற்காமல் மிஞ்சிய, பதப்படுத்திய மனிதத் தலை. முகத்தில் கறுப்புக் கறுப்பாகச் சதுரங்கள். இஷ்மேல் கட்டிலில் படுத்தபடியே ஊகிக்கிறான்: எங்கேயோ அடிதடி, காயத்துக்கு பிளாஸ்திரி போட்டிருக்கிறார்கள். அப்புறம்: இல்லை, இவர் வெள்ளைக்காரர்தான், யாரோ தீவுக்காரர்கள் பிடித்துப் பச்சை குத்திவிட்டார்கள். ஒவ்வொரு ஊகமும் உடைந்து, கடைசியில் மிஞ்சுவது பயம். அலறுகிறான். விடுதிக்காரர் சிரித்துக்கொண்டே வருகிறார்.

அந்த ஈட்டிக்காரர்தான் குவீக்வெக். காலையில் கண் விழிக்கும்போது அவருடைய கை இஷ்மேலின் மேல் கிடக்கிறது. போர்வை துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்தது. கையிலோ முழுக்கப் பச்சை. சட்டைக் கையை ஒரு நாள் ஒரு மாதிரி மடித்துவிட்டுக் கடல் வெயிலில் நின்றதால் அந்தக் கையில் ஒரு நிறம் இன்னொரு நிறத்தோடு ஒட்டுவதில்லை. எது போர்வை, எது கை என்று பார்வைக்குப் பிரித்துத் தெரியவில்லை. அழுத்தும் பாரத்தை வைத்துத்தான் இது கை என்று இஷ்மேல் கண்டுபிடிக்கிறான். ராத்திரி பூராவும் கண்ணால் பார்த்துத் தப்புத் தப்பாக முடிவு கட்டியவனுக்கு, காலையில் உடம்பு சரியான செய்தி சொல்கிறது. இந்த ஒரு பத்தியை மட்டும் மூன்று முறை படியுங்கள்.

இது மெல்வில்லின் சொந்த அனுபவத்திலிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றும். ஹெர்மன் மெல்வில் 1841 ஜனவரியில், 21 வயதில், அகுஷ்நெட் என்ற திமிங்கல வேட்டைக் கப்பலில் கிளம்பியவர். அடுத்த ஆண்டு ஜூலையில் பசிபிக்கில் மார்க்கேசஸ் தீவு ஒன்றில் ஒரு நண்பரோடு கப்பலை விட்டு ஓடிப்போய், நரமாமிசம் தின்பவர்கள் என்று எல்லோரும் பயமுறுத்திய மக்களிடையே சில வாரம் வாழ்ந்தார். அவர்கள் அவரை நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள். அதை வைத்து 1846இல் எழுதியதுதான் அவருடைய முதல் புத்தகம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ‘காட்டுமிராண்டி’ போன்ற சொற்கள் நாவல் முழுக்க வரும். சில இடத்தில் இஷ்மேலின் அறியாமையைக் காட்டுவதற்காக, சில இடத்தில் அந்தக் காலத்து வழக்காக. எல்லாவற்றையும் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு மெல்வில்லைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

பங்குக் கணக்கு

16ஆவது அத்தியாயத்தில் நான்டக்கெட் தீவில் பீக்வாட் என்ற கப்பலில் இஷ்மேல் ஆளாகச் சேருகிறான். அந்தத் தீவை இவ்வளவு உரிமையோடு வர்ணிக்கிற மெல்வில் அங்கே முதன்முதலாகப் போனதே 1852இல், நாவல் வெளிவந்த அடுத்த ஆண்டு!

வேட்டைக் கப்பலில் மாதச் சம்பளம் கிடையாது, லாபத்தில் பங்கு. எண் பெரிதாகப் பெரிதாகப் பங்கு சிறிதாகும் என்பதுதான் புதியவர்கள் கவனிக்க வேண்டியது. இஷ்மேல் 275இல் ஒரு பங்காவது கிடைக்கும் என்று நினைத்து வருகிறான். பைபிளிலிருந்து கண்ணை எடுக்காத முதலாளி பில்டாட், 777இல் ஒன்று போதும் என்கிறார். கடைசியில் 300இல் ஒன்று. பயணத்தில் 77,700 டாலர் நிகர லாபம் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்: பில்டாட்டின் கணக்கில் 100 டாலர், பேசி முடித்த கணக்கில் 259. கப்பல் திரும்ப மூன்று வருஷம் ஆகும். குவீக்வெக் ஈட்டியை எறிந்து காட்டியதும் அவருக்கு 90இல் ஒன்று என்று முடிவாகிறது. அந்த முதலாளிகள் தங்கள் தப்பெண்ணத்தைத் திருத்திக்கொள்ள ஒரே ஓர் ஈட்டி வீச்சு போதுமானதாக இருந்தது.

கப்பல் சொற்கள்

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். கயிறுகளின் பெயர் எதுவும் தெரியாமலே முழு நாவலையும் படிக்கலாம். நான்கைந்து விஷயம் தெரிந்தால் போதும். ஃபோர்கேசில் என்பது கப்பலின் முன்பகுதி, சாதாரண மாலுமிகள் தூங்கும் இடம். குவார்ட்டர்டெக் பின்பக்கத் தளம், கேப்டனின் ராஜ்ஜியம். லார்போர்டு என்றால் இடப்பக்கம். வேட்டைக்கு இறக்கும் படகில் ஆறு பேர். அணியத்துப் பக்கம் ஈட்டிக்காரர், பின்னால் சுக்கானைப் பிடிக்கும் மேட், அதாவது கேப்டனுக்கு அடுத்த நிலை அதிகாரி. ஈட்டி பாய்ந்ததும் இருவரும் ஆடுகிற படகில் இடம் மாறிக்கொள்வார்கள்.

எந்த மேட்டோடு எந்த ஈட்டிக்காரர் என்பதை மட்டும் நோட்டின் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள், குழப்பம் வராது: ஸ்டார்பக்கோடு குவீக்வெக், ஸ்டப்போடு டாஷ்டெகோ, ஃப்ளாஸ்க்கோடு டாகூ.

கேப்டனுக்காகக் காத்திருத்தல்

கேப்டன் ஆஹாப் பற்றி 16ஆவதிலிருந்தே பேச்சு அடிபடுகிறது. நோயாளி மாதிரி இருக்கிறார் என்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்கிறார்கள். பெரிய மனிதர், கடவுளை மதிக்காதவர், ஆனால் அவரே கடவுள் மாதிரி என்கிறார்கள். கப்பல் கிளம்பிய பிறகும் அறையை விட்டு வெளியே வருவதில்லை. இஷ்மேல் தளத்துக்கு வரும்போதெல்லாம் முதலில் பின்பக்கம்தான் பார்க்கிறான்.

28ஆவதைத் தொடங்கும் முன் புத்தகத்தை மூடிவிட்டு, ஆஹாப் எப்படி இருப்பார் என்று உங்கள் நோட்டில் எழுதுங்கள். அப்புறம் படியுங்கள். தலைமுடிக்குள்ளிருந்து முகத்தில் இறங்கிச் சட்டைக்குள் மறையும் வெள்ளைத் தழும்பு. திமிங்கலத் தாடை எலும்பில் செய்த கால். தளத்துப் பலகையில் அதை ஊன்றி நிற்பதற்கென்றே துளைத்த குழி. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த முகத்தைப் பார்த்த அதிர்ச்சியில் முதல் சில கணம் அந்தக் காலை நான் கவனிக்கவே இல்லை என்று இஷ்மேல் ஒப்புக்கொள்கிறான். ஆஹாப் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கால்தான்.

37இலிருந்து 40 வரை திடீரென்று நாடகம் மாதிரி மேடைக் குறிப்புகளோடு வரும். அச்சுப் பிழை இல்லை. இஷ்மேல் ஒதுங்கிக்கொள்கிறான், மற்றவர்கள் பேசுகிறார்கள். அப்படியே போங்கள்.

திமிங்கலப் பாடங்கள்

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. 32ஆவது அத்தியாயத்தில் திமிங்கலங்களைப் புத்தக அளவுகளாகப் பிரித்துப் பட்டியல் போடுகிறான் இஷ்மேல்; பெரியது, நடுத்தரம், சிறியது. திமிங்கலம் ஒரு மீன் என்றும் அடித்துச் சொல்கிறான். இதை விலங்கியலாகப் படித்தால் எரிச்சல் வரும். பயந்து போயிருக்கும் ஒருவன் அந்தப் பயத்துக்குப் பெயரும் எண்ணும் கொடுத்துப் பார்க்கிறான் என்று படித்தால் சிரிப்பு வரும். கடைசியில் அவனே முடிக்காமல் விட்டுவிடுகிறான். முதல் முறை அலுப்பாக இருந்தால் 32, 74, 75 ஆகியவற்றைத் தள்ளிப்போடலாம், 101க்கு மேல் வரும் எலும்புக்கூட்டு அத்தியாயங்களையும். ஆனால் 42ஆவதைத் தள்ளாதீர்கள். வெள்ளை நிறம் ஏன் பயமுறுத்துகிறது என்பது பற்றி அப்படி ஒரு கட்டுரையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

60ஆவதையும் கண்டிப்பாகப் படிக்க வேண்டும். முழுக்க ஒரு கயிற்றைப் பற்றியது. கனம் ஓர் அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான், நீளம் 1,200 அடிக்கு மேல். படகின் பின்பக்கத் தொட்டியில் சுருள் சுருளாக இருந்து, துடுப்புப் போடும் ஒவ்வொருவரையும் ஒட்டியபடி முன்னால் போய், ஈட்டியில் முடிகிறது. ஈட்டி பட்ட திமிங்கலம் ஓடத் தொடங்கினால் இந்தக் கயிறு எல்லார் கை கால்களுக்கும் நடுவில் பாய்ந்து ஓடும். இதைத் தாண்டிப் போனவர்களுக்கு 135ஆவதில் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும் ஒன்று பிடிபடாது.

நமக்குப் பக்கத்து விஷயம் ஒன்றும் உண்டு. 55ஆவதில் திமிங்கலத்தைத் தப்பாக வரைந்தவர்களை வரிசையாக வறுத்தெடுக்கும்போது, இருப்பவற்றில் மிகப் பழைய திமிங்கல உருவம் எலிஃபன்டா குகையில் இருக்கிறது என்கிறான். மச்சாவதாரத்தைத்தான் சொல்கிறான், அவன் கணக்கில் அது மீன் இல்லை, திமிங்கலம். வால் மட்டும் மலைப்பாம்பு வால் மாதிரி இருக்கிறதாம், சரியில்லையாம். 82ஆவதில் மறுபடி திருமாலைத் தன் கட்சியில் சேர்த்துக்கொள்கிறான்: வேதத்தை மீட்கத் திமிங்கலமாக முங்கியவர் எங்கள் வேட்டைக்காரர் குலத்தில் ஒருவர் என்று.

கேள்விப்பட்டதும் பார்த்ததும்

பீக்வாட் வழியில் ஒன்பது கப்பல்களைச் சந்திக்கிறது. கப்பல்கள் சந்தித்தால் ஊர்ச் செய்தி பேசுவது வழக்கம். ஆஹாப்புக்கு ஒரே கேள்வி: வெள்ளைத் திமிங்கலத்தைப் பார்த்தாயா? ஒன்பது பதிலையும் நோட்டில் ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். கதை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அந்தப் பக்கத்தில் தெரியும். 59ஆவதில் டாகூ, வெள்ளைத் திமிங்கலம் என்று கூவுகிறார், படகுகள் பாய்கின்றன. போய்ப் பார்த்தால் அது ராட்சதக் கணவாய்.

99ஆவதில் பாய்மரத்தில் அடித்து வைத்த ஒரு தங்கக் காசை ஒவ்வொருவராக வந்து பார்க்கிறார்கள். திமிங்கலத்தை முதலில் பார்ப்பவருக்கு என்று ஆஹாப் வைத்த 16 டாலர் காசு. ஆஹாப்புக்கு அதில் தெரிவது ஆஹாப். ஃப்ளாஸ்க்குக்கு ஒன்றுக்கு இரண்டு சென்ட் வீதம் 960 சுருட்டுகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 800தான் வரும். தப்பு ஃப்ளாஸ்க்குடையதாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

133ஆவதில் திமிங்கலம் வருகிறது. முதல் பார்வையில் எப்படித் தெரிகிறது என்று நான் சொல்லப் போவதில்லை. அதற்கு முந்தைய இரவே, அது எப்படி இருக்கும் என்று இடப்பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள். கடைசி மூன்று அத்தியாயங்களையும் ஒரே அமர்வில் படியுங்கள், பின்னுரையோடு.

முடித்த அன்றே

3ஆவது அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். விடுதிக்குள் நுழைந்ததும் சுவரில் புகை படிந்து கறுத்த ஓர் எண்ணெய் ஓவியம் இருக்கும். முதல் முறை படிக்கும்போது கண் அதைத் தாண்டிப் போயிருக்கும். இஷ்மேல் நின்று பார்க்கிறான்: நள்ளிரவுப் புயலில் கருங்கடலா, பனிக்காலக் காட்சியா என்று ஒவ்வொன்றாக ஊகிக்கிறான். பலமுறை வந்து பார்க்கிறான், அக்கம்பக்கத்தாரை விசாரிக்கிறான், வெளிச்சத்துக்காகப் பின்பக்கத்துச் சின்ன ஜன்னலைக்கூடத் திறந்துவிடுகிறான். புயலில் மூழ்கும் கப்பல், அதைத் தாண்டிக் குதிக்கப் போய் மூன்று பாய்மர உச்சியிலும் தன்னைக் குத்திக்கொள்ளும் கோபம் கொண்ட திமிங்கலம் என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வருகிறான். அதுவும் ஊகம்தான். அந்த ஓவியத்துக்கு எதிரே உங்கள் நோட்டில் ஒரு வலப்பக்கம் காலியாக இருக்கும்.